பக்கத்து மனையில் என்ன வருகிறது? திண்டுக்கல்லில் கேட்டறியும் வழி

நத்தம் சாலையிலோ வத்தலக்குண்டு சாலையிலோ ஊரைத் தாண்டிப் போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். போன போகம் சோளம் நின்ற காட்டில் இப்போது செம்மண் பாதை வெட்டியிருக்கிறது. மஞ்சள் அடித்த கல்லும் வண்ணக்கொடியும் வரிசையாக நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு, அதில் ஏதோ ஒரு 'நகர்'. ஊருக்குள் வந்தால் வேறு மாதிரி. நாகல்நகர்ப் பக்கம் பழைய ஓட்டுவீட்டை இடித்துத் தகரம் கட்டியிருப்பார்கள். உள்ளே வருவது வீடா, கடையா, குடோனா என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான். இங்கே என்ன வரப்போகிறது, அதற்கு முறையான அனுமதி இருக்கிறதா? டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சரியான பதில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் காகிதமாகவோ இணையத்தில் பதிவாகவோ இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மாநகராட்சி, நகர் ஊரமைப்புத் துறை, வருவாய்த் துறை, பதிவுத் துறை என நாலைந்து இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் தேடுவது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

நிலம் யார் எல்லையில் இருக்கிறது?

1866-இல் நகராட்சியான திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 48 வார்டுகள். பரப்பு என்று பார்த்தால் தரம் உயர்ந்தபோது சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். மலைக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சீக்கிரமே எல்லை வந்துவிடும். ஊரோ எல்லையில் நிற்கவில்லை. பாலகிருஷ்ணபுரம், சீலப்பாடி, அடியனூத்து, பள்ளபட்டி, செட்டிநாயக்கன்பட்டி என்று ஊராட்சிப் பகுதிகளிலும் வீடுகள் பெருகி, எது நகரம் எது கிராமம் என்று கண்ணால் பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

அதனால் முகவரியில் 'திண்டுக்கல்' என்று இருப்பதை வைத்து மாநகராட்சிக்குப் போய் நிற்காதீர்கள். சொத்துவரி ரசீதைப் பாருங்கள். அதைக் கொடுத்தது மாநகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பதே கேள்வியை எங்கே கொண்டுபோவது என்று சொல்லிவிடும். எல்லைகள் அவ்வப்போது மாற்றி வரையப்படுபவை. பழைய ரசீதை நம்பாமல் நடப்பாண்டு ரசீதைப் பார்ப்பது நல்லது. கூடவே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நகரைச் சுற்றியுள்ள கிராமங்கள் திண்டுக்கல் கிழக்கு, திண்டுக்கல் மேற்கு என்று இரண்டு வட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. உங்கள் நிலம் எந்த வட்டம், எந்த வருவாய்க் கிராமம் என்று தெரியாமல் இணையத்தில் ஒரு பட்டாவைக்கூடத் திறக்க முடியாது.

அனுமதி கொடுப்பவர் யார்?

தமிழ்நாட்டில் மனையும் கட்டடமும் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டப்படி நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைப் பார்த்துக் கொடுப்பது திட்ட அனுமதி. கட்டும் கட்டடத்தின் அளவு, சுற்றிலும் விட வேண்டிய இடம், வடிகால் இவற்றைப் பார்த்து உள்ளாட்சி கொடுப்பது கட்டட அனுமதி. ஊரில் இரண்டையும் சேர்த்தே 'பிளான் அப்ரூவல்' என்கிறோம்.

சிறிய வீடுகளை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவே பார்த்து முடிக்கிறது. பெரிய கட்டடம், வணிக வளாகம், மனைப்பிரிவு என்றால் கோப்பு உள்ளூர் திட்டக் குழுமத்துக்கோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கோ போகும். மக்கள் வாயில் 'டி.டி.சி.பி.' என்று புழங்குவது இந்த நகர் ஊரமைப்புத் துறைதான். எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற கணக்கெல்லாம் 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் அந்த விதி பொது. விண்ணப்பங்கள் இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகின்றன. பழைய கோப்புகள் மட்டும் இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கும்.

சர்வே எண் இல்லாமல் எதுவும் நகராது

கேள்வி கேட்கப் போகும் முன் கையில் இருக்க வேண்டியது சர்வே எண். "முருகன் கோவில் பின்னாடி, வேப்பமரத்துக்கு எதிரே" என்ற அடையாளம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. பட்டா, வில்லங்கம், மனைப்பிரிவு ஒப்புதல், கட்டட அனுமதி எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது இந்த எண் ஒன்றுதான். ஓர் அலுவலகத்தில் கிடைத்ததை அடுத்த அலுவலகத்துப் பதிவோடு கோப்பது அதுவே.

கிராம நிலமானால் சர்வே எண்ணும் உட்பிரிவும் போதும். நகருக்குள் கணக்கு வேறு. நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று மூன்றும் வேண்டும். இந்த வார்டு வருவாய்த் துறையின் வார்டு. கவுன்சிலர் தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போடும் 48 வார்டுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழைய பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இல்லாமல் போகலாம். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் சொல்லும் 'யு.டி.ஆர்.' காலத்தில், பல உட்பிரிவுகள் மாறின. தாத்தா காலத்துப் பத்திரத்தை வைத்துத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய எண்ணுக்கு நேரான புது எண்ணைக் கேளுங்கள்.

எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கக்கூடியவை இவை:

பட்டா – சிட்டா: யார் பெயரில், எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா.

அ-பதிவேடு: இது அரசு நிலமா, தனியார் நிலமா என்று அடித்துச் சொல்லும் பதிவு. புறம்போக்கு, ஓடை, வண்டிப்பாதை, கோயில் நிலம் எல்லாம் இங்கேதான் வெளிப்படும். காந்திகிராமம் இருக்கும் மாவட்டம் இது. வினோபாவின் பூமிதான இயக்கத்தில் கொடையாகக் கிடைத்த நிலங்கள் இங்கே உண்டு. அவற்றைத் தனியார் நிலம்போல விற்க முடியாது.

புலப்படம்: சர்வேயர்கள் 'எஃப்.எம்.பி.' என்பது. நிலத்தின் வடிவம், பக்க அளவு, ஓடையோ பாதையோ குறுக்கே போகிறதா என்பது இதில் தெரியும்.

நகர நில அளவைப் பதிவேடு: நகருக்குள் இருக்கும் நிலத்துக்கு.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். பேச்சில் சென்ட் என்போம். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் அது 12.5 ஏர்ஸ், சுமார் 31 சென்ட். விற்பவர் 35 சென்ட் என்று சொன்னால் மீதி 4 சென்ட் எங்கே என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்காவது போட்டுப் பாருங்கள். பதிவான விற்பனை, அடமானம், தானம் அதில் வரும். பதிவாகாத வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் குடும்பத் தகராறும் வராது. அதை அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

மனை வாங்குபவர் கேட்க வேண்டியவை

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் நம் பக்கம் வெகுகாலம் புழங்கியது. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டி மனை விற்பார்கள். மனைப்பிரிவுக்கு அது மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறை முதலில் வரைபடத்தைப் பார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும். அதன்பின் மனைப்பிரிவு போடுபவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல். அதனால் விற்பவரிடம் இரண்டு எண்ணைக் கேளுங்கள். ஒன்று நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண், மற்றது உள்ளாட்சியின் ஒப்புதல் எண்.

ஏன் இந்தக் கறார்? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20-இல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரமில்லாத மனையைப் புதிதாக மனை என்று பதிய அதன்பின் வழியில்லை. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை வரன்முறை செய்ய 2017-இல் தனி விதிகள் வந்தன. ஆகவே பழைய மனை வாங்குகிறவர் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆணை அந்த ஒரு மனைக்கா, மனைப்பிரிவு முழுமைக்கா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தத் தடையைச் சுற்றிப்போக ஒரு குறுக்குவழியும் முளைத்தது. 'பண்ணை நிலம்' என்று பெயர் போட்டு விவசாய நிலத்தைத் துண்டாக்கி விற்பது. பதிவாகிவிடும், ஆனால் விவசாய நிலமாகத்தான் பதிவாகும். நாளை வீடு கட்ட அனுமதி கேட்கும்போது நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்கி வரச் சொல்வார்கள். நஞ்சையாக இருந்தால் அது இன்னும் கடினம்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எதுவும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது 12 சென்டுக்குச் சற்று மேல்தான். நோட்டீஸில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் ஒப்புதல் பெற்ற வரைபடமே கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறதா? 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் யாரோ கொட்டகை போட்டால், அது ஊரின் சொத்து என்று காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி அந்த வரைபடம்தான்.

பக்கத்தில் எழும் கட்டடம்

பிரிட்டனில் ஒருவர் வீட்டை நீட்டிக் கட்டவோ கடையாக மாற்றவோ அனுமதி கேட்டால், உள்ளூர் மன்றம் பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் போடும், அல்லது தெருவிளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டும். வரைபடத்தை யாரும் பார்க்கலாம். பொதுவாக 21 நாளுக்குள் கருத்து எழுதலாம். முடிவு அதற்குப் பிறகுதான். விண்ணப்பங்களின் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வைப்பது அங்கே சட்டக் கடமை.

நம்மிடம் தனிக் கட்டடத்துக்கு அப்படி அண்டை வீட்டாரைக் கேட்கும் ஏற்பாடு கிடையாது. போதாததற்கு 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல்தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு உரிமையாளரே விதிப்படி கட்டுவதாக உறுதி கொடுத்து இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். வீடு கட்டுபவருக்கு அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம். ஆனால் முன்கூட்டியே அதிகாரி வந்து அளந்து பார்ப்பார் என்ற எண்ணம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். விவரம் உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதுவும் அஸ்திவாரக் கம்பி கட்டும்போதே போக வேண்டும். தளம் ஒட்டிய பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், பயன் கிடைக்காது.

முதலில் கட்டுமான இடத்தில் அனுமதி விவரப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். விதிப்படி வைக்க வேண்டியது அது. அதிலுள்ள அனுமதி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பலகை இல்லை என்றால் கட்டுகிறவரையே நேரில் கேட்பதில் தவறில்லை. "அண்ணே, பிளான்ல எத்தனை மாடி?" என்ற ஒரு கேள்வியில் தீர்ந்துபோகும் சந்தேகத்துக்கு மனு எழுத வேண்டியதில்லை. அங்கே பதில் கிடைக்காதபோது மாநகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளரிடம் கேளுங்கள். உங்கள் பகுதிக்கு எந்த ஆய்வாளர் என்பது அலுவலகத்தில் தெரியும்.

எதைக் கேட்பது, எதை விடுவது என்ற தெளிவும் வேண்டும். கட்டடத்துக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம் விடவில்லை, சாலையின் அகலத்துக்கு அந்த உயரம் கூடாது, வீடு என்று அனுமதி வாங்கி குடோன் கட்டுகிறார், வண்டி நிறுத்த இடமில்லை, மழைநீர் வடிகாலை மறித்திருக்கிறார் – இவையெல்லாம் விதி மீறல்கள். மாநகராட்சி நடவடிக்கை எடுக்கலாம். அனுமதியில்லாமலோ அனுமதியை மீறியோ கட்டினால் வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரை வைக்கவும் இடிக்கவும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. ஆனால் "என் எல்லையில் அரை அடி உள்ளே வந்துவிட்டார்" என்பது வேறு வகை. அதற்கு முதலில் சர்வேயரை வைத்து அளக்க வேண்டும், தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். கட்டட அனுமதி யாருக்கும் நிலத்தின் உரிமையைத் தந்துவிடாது. அதேபோல உரிமைச் சண்டையைத் தீர்த்துவைக்கும் வேலையும் நகரமைப்பு ஆய்வாளருடையது இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய மனுக்கள்தான் அலுவலகங்களில் அதிகம் தேங்குகின்றன.

10 ரூபாய் மனு

வாய்மொழியாகக் கேட்டது கிடைக்கவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், திண்டுக்கல் மாநகராட்சி என்று தபாலில் அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனுவில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் "அது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஒரு மாதிரி:

"திண்டுக்கல் நகர், வார்டு ..., பிளாக் ..., டவுன் சர்வே எண் ...-இல் நடைபெறும் கட்டுமானம் தொடர்பாக:
1. கட்டட அனுமதி வழங்கப்பட்டிருப்பின் அதன் எண், தேதி, அனுமதி ஆணையின் நகல்.
2. அனுமதிக்கப்பட்ட பயன்பாடு, தளங்களின் எண்ணிக்கை, நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தின் அளவு.
3. அந்த இடத்தைப் பார்வையிட்ட அறிக்கை ஏதும் இருப்பின் அதன் நகல்.
4. விதிமீறல் அறிவிப்பு ஏதும் அனுப்பப்பட்டிருப்பின் அதன் நகல்.
5. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி."

ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டின் உள்வரைபடம் தனிநபர் விவரம் என்று நகல் தர மறுக்கலாம். கோப்பை நேரில் பார்த்தால் உங்களுக்கு வேண்டிய எல்லை அளவும் பயன்பாடும் தெரிந்துவிடும். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

மனையைச் சுற்றியுள்ள பகுதி

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் இடம் தவறாக அமையலாம். திண்டுக்கல் சமவெளியில் அதற்கு முதல் காரணம் தண்ணீர்.

தோல் பதனிடும் தொழில் இந்த ஊருக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரில் வடுவும் வைத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அதில் நம் ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததாகத் தீர்ப்பு பதிவு செய்கிறது.

மனை விற்பவரின் நோட்டீஸில் இந்த வரி இருக்காது. "நல்ல தண்ணி" என்று மட்டும் இருக்கும். பழைய தோல் தொழிற்சாலைகளின் பக்கம் மனை பார்ப்பவர்கள் போர் போட்டிருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். அடுத்து, குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மாநகராட்சிப் பொறியியல் பிரிவிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் வரும் தெருவுக்கும் போரை மட்டும் நம்பியிருக்கும் தெருவுக்கும் வாழ்க்கையே வேறு. பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இரண்டாவது மலைக்கோட்டை. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். 2010-இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் கட்ட, மராமத்துப் பார்க்க, தனியாகத் தடையின்மைச் சான்று வேண்டும். கோட்டையடியில் மலிவாக வீடு கிடைக்கிறதே என்று வாங்கி, இடித்துக் கட்ட நினைப்பவர்கள் இந்தத் தூரத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது நீர்வழி. கோட்டைக்குளமும் கோபாலசமுத்திரமும் இன்னும் குளமாகவே கண்ணுக்குத் தெரிகின்றன. ஓடைகளும் வாய்க்கால்களும் அப்படியில்லை. மழை பொய்த்த வருடங்களில் அவை தரிசுபோலக் கிடக்கும், பாதைபோலவும் தோன்றும். புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் ஓடை என்று இருந்தால், பார்க்கும்போது காய்ந்து கிடந்தாலும் அது ஓடைதான். ஒரு கனமழையில் அது தன் பழைய தடத்துக்கு வந்துவிடும். சிறுமலை அடிவாரப் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் அனுமதிக்கு இன்னொரு படி ஏற வேண்டும்.

முடிவெடுக்கும் முன்பே பேச ஓர் இடம்

தனிக் கட்டடத்துக்கு அண்டைவீட்டாரைக் கேட்பதில்லை என்றேன். ஊர் முழுவதையும் தொடும் முடிவுகளுக்குக் கேட்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் போவதால் கேட்காததுபோல ஆகிவிடுகிறது.

எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம், எங்கே புதுச் சாலை என்று வண்ணம் பிரித்துக் காட்டும் பெருந்திட்டத்தை, அதாவது 'மாஸ்டர் பிளானை' வெளியிடும்போது, ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் காட்டின் குறுக்கே அகலச் சாலைக் கோடு போட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டிய நேரம் அதுதான். பெருந்திட்ட எல்லைக்குள் ஒருவர் நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டாலும் நாளிதழில் விளம்பரம் வரும். ஆறாம் பக்கத்தின் மூலையில், சர்வே எண் மட்டும் போட்ட சின்னக் கட்டம். உங்கள் தெருவின் சர்வே எண்கள் தெரிந்திருந்தால்தான் அது கண்ணில் படும்.

பெரிய ஆலை போன்றவற்றுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அங்கே பேசியது பதிவாகும், எழுதிக் கொடுத்தது கோப்பில் சேரும்.

ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை. மனைப்பிரிவின் பூங்கா இடம், ஓடை ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டும் இடம் பற்றி அங்கே தீர்மானம் கேட்கலாம். நகரங்களுக்கு அப்படி ஒரு மேடை நெடுநாள் இல்லாமல் இருந்தது. 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். மாநகராட்சி மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலிலும் தீர்மானங்களிலும் உங்கள் வார்டுக்கு வரும் சாலை, வடிகால், சந்தை வேலைகள் இருக்கும். அவையும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்களே. எங்கும் பதில் கிடைக்காதபோது வேலு நாச்சியார் வளாகத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மனு கொடுத்தால் எண் போட்ட ரசீதை வாங்காமல் வராதீர்கள். பின்னால் தகவல் மனு போடும்போது அந்த எண்தான் பிடி.

எந்த வரிசையில்?

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள், சொத்துவரி ரசீதைப் பார்த்து உள்ளாட்சி எது என்று முடிவு செய்து, சர்வே எண்ணைப் பிடியுங்கள். அன்றைக்கே இணையத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கம். இரண்டாம் நாள், மனையானால் நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண்ணும் ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண்ணும். கட்டடமானால் அனுமதிப் பலகையும் நகரமைப்பு ஆய்வாளரும். மூன்றாம் நாள் இடத்துக்கே போய், காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நின்று பாருங்கள். தண்ணீரைப் பற்றி நாலு வீட்டில் விசாரியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காதது ஒன்றிரண்டுதான் இருக்கும். அதற்குத்தான் 10 ரூபாய் மனு.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பஸ் கட்டணம், ஜெராக்ஸ், தபால் வில்லை. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிடைத்த காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு, மேலே சர்வே எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த முறை பக்கத்துத் தெருக்காரர் "இங்கே என்ன வரப்போகுதுங்க?" என்று கேட்கும்போது, அவர் தேட வேண்டியதில் பாதி அந்தக் கோப்பிலேயே இருக்கும்.